கார்டு மெஷின்ல கழியுற காசு: எங்க போகுது, எவ்வளவு குறைக்கலாம்

2025 ஜூன் மாசம், 3,000 ரூபாய்க்கு மேல யூபிஐ பண்ணா இனிமே சார்ஜ்னு ஒரு செய்தி வாட்ஸ்அப் முழுக்க சுத்துச்சு, கடைசில ஜூன் 11ஆம் தேதி நிதி அமைச்சகமே வந்து அது அடிப்படையே இல்லாத பொய்னு மறுக்க வேண்டியதாப் போச்சு. செய்தி அடங்கிடுச்சு, குழப்பம் அடங்கல. எது ஃப்ரீ, எதுக்குக் காசு, அந்தக் காசை யார் எடுக்குறாங்கன்னு தெரியாமலேயே நிறைய கடைக்காரங்க "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா"ன்னு எல்லாக் கார்டுக்கும் ஒரே பாட்டு பாடுறாங்க, அதே நேரம் சட்டப்படி அவங்க ஒரு பைசா கூடத் தர வேண்டாத பரிவர்த்தனைக்கும் மாசாமாசம் காசு போய்ட்டு இருக்கலாம், பாத்திருக்கவே மாட்டாங்க.

இந்தியால கடை வெச்சிருக்கவங்களுக்கு இந்தக் கட்டணம் எப்படி வேலை செய்யுதுன்னு அடியிலேர்ந்து பாக்கலாம்.

கார்டு தேய்ச்ச உடனே என்ன நடக்குது

கஸ்டமர் 1,000 ரூபாய்க்கு கார்டு போட்டா உங்க அக்கவுண்ட்டுக்கு 1,000 வராது, 980ஓ 990ஓ வரும். கழிஞ்ச அந்தத் தொகைக்குப் பேர் எம்டிஆர், அதாவது மர்ச்சன்ட் டிஸ்கவுண்ட் ரேட். இது ஒரே ஆளுக்குப் போற காசு கிடையாது, மூணு பங்கா பிரியுது.

1. கஸ்டமருக்கு கார்டு கொடுத்த பேங்க். இவங்க பங்குக்குப் பேர் இன்டர்சேஞ்ச். கிரெடிட் கார்டுல பெரும்பங்கு இங்கதான் போகுது.

2. நெட்வொர்க். விசா, மாஸ்டர்கார்டு, ரூபே மாதிரி. ரெண்டு பேங்குக்கும் நடுவுல தகவலைக் கடத்துற வேலை இவங்களோடது, பங்கு சின்னதுதான்.

3. உங்களுக்கு மெஷின் கொடுத்த பேங்க் அல்லது பேமென்ட் கம்பெனி. அக்வயரர்னு சொல்வாங்க. முதல் ரெண்டு பங்கையும் கொடுத்துட்டு மேல தன்னோட மார்ஜினை வெச்சுதான் உங்களுக்கு ரேட் சொல்றாங்க.

இதுல நீங்க பேரம் பேசக்கூடியது மூணாவது பங்கு மட்டும்தான். சேல்ஸ்காரர் "பேங்க் ரேட் சார், நம்ம கையில இல்ல"ன்னு சொல்றது பாதி உண்மை. இன்டர்சேஞ்ச் அவர் கையில இல்லதான், ஆனா அதுக்கு மேல எவ்வளவு ஏத்தி வெச்சிருக்காருங்கிறது முழுக்க அவங்க கம்பெனி முடிவு.

இந்த எம்டிஆருக்கு மேல 18% ஜிஎஸ்டி தனியா உண்டு. அதுக்கு ஒரு முக்கியமான விதிவிலக்கும் இருக்கு, கீழ வருது.

எதுக்கு எவ்வளவு: சட்டம் என்ன சொல்லுது

"கார்டு"ன்னு ஒரே வார்த்தையில சொல்றோம், ஆனா கட்டண விஷயத்துல இதுக்குள்ள அஞ்சாறு தனித்தனி சாமான் இருக்கு.

1. ரூபே டெபிட் கார்டு, பேங்க் அக்கவுண்ட்லேர்ந்து போற யூபிஐ. எம்டிஆர் பூஜ்யம். 2019 நிதிச் சட்டத்துல பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டத்துக்குள்ள 10ஏங்கிற பிரிவைச் சேர்த்தாங்க, 2020 ஜனவரி 1லேர்ந்து இந்த முறைகள்ல பணம் கொடுக்குறவர்கிட்டயும் வாங்குறவர்கிட்டயும் பேங்க் எதுவும் வசூலிக்கக் கூடாது. கடை சின்னதா பெருசாங்கிற பேச்சே இதுல இல்ல.

2. விசா, மாஸ்டர்கார்டு டெபிட் கார்டு. இதுக்கு ரிசர்வ் பேங்க் 2017 டிசம்பர்ல உச்சவரம்பு போட்டுச்சு, 2018 ஜனவரி 1லேர்ந்து அமல். போன நிதியாண்டுல உங்க டர்ன்ஓவர் 20 லட்சம் வரைன்னா மெஷின்லயும் ஆன்லைன்லயும் அதிகபட்சம் 0.40%, ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாய்க்கு மேல போகக் கூடாது. 20 லட்சத்துக்கு மேலன்னா 0.90%, ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய். க்யூஆர் வழியா கார்டுன்னா ரெண்டுலயும் 0.10% குறைவு.

3. கிரெடிட் கார்டு. இதுக்கு ரிசர்வ் பேங்க் உச்சவரம்பு எதுவும் வைக்கல. கடையோட சைஸ், தொழில், கார்டு வகையைப் பொறுத்து பொதுவா 1.5%லேர்ந்து 3% வரைக்கும் பாக்கலாம். கம்பெனி கார்டு, வெளிநாட்டு கார்டு எல்லாம் அந்த மேல் பக்கத்துல இருக்கும், சிலது அதையும் தாண்டும்.

4. யூபிஐல இணைச்ச ரூபே கிரெடிட் கார்டு. 2022லேர்ந்து இது இருக்கு. சிறு வியாபாரின்னு பதிவான கடைக்கு 2,000 ரூபாய் வரை எம்டிஆர் கிடையாது, மத்தபடி இது கிரெடிட் கார்டு மாதிரியேதான், காசு கழியும்.

5. வாலட்டுல இருக்குற காசை யூபிஐ க்யூஆர்ல கட்டுறது. 2023 ஏப்ரல் 1லேர்ந்து 2,000 ரூபாய்க்கு மேலன்னா 1.1% வரை இன்டர்சேஞ்ச் உண்டு, அது கடைக்காரர் பக்கத்துலேர்ந்து போறது, கஸ்டமருக்கு இல்ல.

இந்த 4ஆவதும் 5ஆவதும்தான் "யூபிஐ ஃப்ரீன்னாங்களே, எனக்கு ஏன் கழிச்சிருக்கான்"ங்கிற கேள்விக்குப் பதில். கஸ்டமர் ஸ்கேன் பண்றது அதே க்யூஆர், சவுண்ட் பாக்ஸ்ல வர்றது அதே சத்தம், ஆனா பின்னாடி காசு எந்தப் பைலேர்ந்து வருதுங்கிறது வேற வேற. பேங்க் சேமிப்புக் கணக்குலேர்ந்து வந்தா பூஜ்யம், கிரெடிட் கார்டுலேர்ந்து வந்தா கட்டணம்.

யூபிஐக்கும் எம்டிஆர் வேணும்னு பேமென்ட் கம்பெனிகள் தரப்புலேர்ந்து கோரிக்கை தொடர்ந்து வந்துட்டுதான் இருக்கு, 2025 மார்ச்ல பெரிய வியாபாரிகள்கிட்ட 0.3% வாங்க விடுங்கன்னு பிரதமருக்கே கடிதம் எழுதினாங்க. அவங்க பக்கத்துலயும் ஒரு நியாயம் இருக்கு, சர்வர், சவுண்ட் பாக்ஸ், மோசடித் தடுப்பு எல்லாத்துக்கும் செலவு ஆகுது, அரசு அதுக்குக் கொடுக்குற ஊக்கத்தொகை 2024-25க்கு சுமார் 1,500 கோடி, அதுவும் சிறு வியாபாரிகளோட 2,000 ரூபாய் வரையான யூபிஐக்கு மட்டும் 0.15%. ஆனா கோரிக்கைங்கிறது வேற, சட்டம்ங்கிறது வேற. சட்டம் மாறாத வரைக்கும் யாரும் உங்ககிட்ட இதை வாங்க முடியாது.

நகைக்கடைக்காரங்க கவனிக்க வேண்டிய உச்சவரம்பு

டெபிட் கார்டோட 0.90% எல்லாருக்கும் ஓரளவு தெரியும், அதோட சேர்ந்த 1,000 ரூபாய் உச்சவரம்புதான் பலருக்கும் தெரியாம போகுது. கல்யாணத்துக்கு நகை எடுக்க வந்தவங்க விசா டெபிட் கார்டுல 3 லட்சம் கட்டுறாங்கன்னா 0.90% கணக்குப்படி 2,700 ரூபாய் வரும், ஆனா பேங்க் எடுக்கக்கூடியது 1,000 மட்டும்தான். சுமார் 1,11,000 ரூபாயைத் தாண்டின எந்த டெபிட் பில்லுக்கும் இந்த உச்சவரம்பு வேலை செய்ய ஆரம்பிச்சிடும். 20 லட்சத்துக்குக் கீழ இருக்குற சின்னக் கடைன்னா 50,000 ரூபாய் பில்லுலயே 200 ரூபாய் வரம்பு வந்துடும்.

நகை, ஃபர்னிச்சர், ஏசி ஃப்ரிட்ஜ், ஆஸ்பத்திரி பில் மாதிரி பெரிய தொகை புழங்குற இடத்துல இது மட்டுமே ஒரு வருஷத்துல கணிசமான காசு. பழைய ஸ்டேட்மென்ட்டை எடுத்து பெரிய டெபிட் என்ட்ரிகளை மட்டும் தேடிப் பாருங்க, 1,000க்கு மேல எம்டிஆர் கழிச்சிருந்தா அதை எழுத்துல கேளுங்க.

கிரெடிட் கார்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு

டெபிட் கார்டுல கஸ்டமரோட காசு ஏற்கனவே பேங்க்ல இருக்கு, எடுத்துக் கொடுத்தா வேலை முடிஞ்சது. கிரெடிட் கார்டுல பேங்க் தன் கைக்காசைப் போட்டு உங்களுக்கு மறுநாளே கொடுத்துட்டு கஸ்டமர்கிட்டேர்ந்து 45, 50 நாள் கழிச்சு வாங்குது, அதுலயும் கொஞ்சம் பேர் கட்டாம போயிடுவாங்க, இதுக்கு மேல ரிவார்டு பாயின்ட், கேஷ்பேக், ஏர்போர்ட் லவுஞ்ச் எல்லாம் இருக்கு. அந்த லவுஞ்ச்ல சாப்பிடுற சாப்பாட்டுக்கு ஒரு பங்கு உங்க கடை கல்லாலேர்ந்துதான் போகுதுன்னு சொன்னா மிகை இல்ல. கார்டு எவ்வளவு உசந்ததோ இன்டர்சேஞ்சும் அவ்வளவு ஜாஸ்தி.

இது இப்படித்தான் இருந்தாகணும்னு விதி எதுவும் கிடையாது. ஐரோப்பிய யூனியன் 2015ல சட்டம் போட்டு சாதாரண வாடிக்கையாளர் கார்டுகளுக்கு இன்டர்சேஞ்சை டெபிட்ல 0.2%, கிரெடிட்ல 0.3%னு கட்டிப் போட்டுச்சு. அங்க அதுக்கப்புறம் கார்டே இல்லாம போயிடல. இந்தியால டெபிட்டுக்குக் காட்டின அக்கறையை கிரெடிட்டுக்கு யாரும் காட்டலைங்கிறது என் கருத்து, அதுவும் இப்ப யூபிஐ வழியா கிரெடிட் கார்டு பெட்டிக்கடை வரைக்கும் வந்துட்டு இருக்குற நேரத்துல இது பெரிய கேள்வியா ஆகப் போகுது.

ஒரு கடையோட மாசக் கணக்கு

ஈரோட்டுல ஒரு ரெடிமேட் கடைன்னு உதாரணத்துக்கு வெச்சுக்குவோம், டர்ன்ஓவர் 20 லட்சத்துக்கு மேல, மாசம் டிஜிட்டல் வசூல் மட்டும் 10 லட்சம்.

1. பேங்க் அக்கவுண்ட் யூபிஐ 5,00,000: கட்டணம் 0
2. ரூபே டெபிட் 50,000: கட்டணம் 0
3. விசா, மாஸ்டர் டெபிட் 1,50,000, 0.90%: 1,350
4. சாதா கிரெடிட் 2,50,000, 1.90%: 4,750
5. கம்பெனி கார்டு, பிரீமியம் கார்டு 50,000, 2.75%: 1,375

எம்டிஆர் மொத்தம் 7,475. பில் எல்லாமே 2,000க்கு மேலன்னு எடுத்துக்கிட்டா 18% ஜிஎஸ்டி 1,345.50. மெஷின் வாடகை 500, அதுக்கு ஜிஎஸ்டி சேர்த்து 590. ஆக மொத்தம் 9,410.50 ரூபாய்.

கார்டு வசூல் 5 லட்சம்தானே, அதால வகுத்தா 1.88% வருது. இதுதான் உங்க உண்மையான ரேட். அக்ரிமென்ட்ல என்ன எழுதியிருக்குங்கிறது ரெண்டாவது விஷயம்.

இப்ப ஒரு சேல்ஸ்காரர் வர்றாரு. "சார், நம்ம மெஷினுக்கு வாடகையே இல்ல, எந்தக் கார்டு தேய்ச்சாலும் ஒரே ரேட், 1.75 தான்"ங்கிறாரு. 1.88ஐ விட 1.75 கம்மி, வாடகையும் மிச்சம், உடனே கையெழுத்துப் போடத் தோணும். கணக்குப் போடுங்க. 5 லட்சத்துக்கு 1.75% அப்படின்னா 8,750, ஜிஎஸ்டி 1,575, மொத்தம் 10,325. பழைய கணக்கை விட மாசம் 914.50 ரூபாய் ஜாஸ்தி.

எப்படி? 1.88ல ஜிஎஸ்டியும் வாடகையும் அடக்கம், அவர் சொன்ன 1.75ல ஜிஎஸ்டி அடக்கம் இல்ல. அதை விட முக்கியம், அந்த "எந்தக் கார்டுக்கும் ஒரே ரேட்"ங்கிறதுக்குள்ள பூஜ்யமா இருக்க வேண்டிய ரூபே டெபிட்டுக்கு 875 ரூபாயும், 0.90%ஐ தாண்டக் கூடாத விசா டெபிட்டுக்கு 1,275 ரூபாய் கூடுதலாவும் உள்ள ஒளிஞ்சிருக்கு. இது விலை ஜாஸ்திங்கிற பிரச்சனை மட்டும் இல்ல, ரிசர்வ் பேங்க் விதிக்கே எதிரானது. அதே ஆள்கிட்ட "கிரெடிட்டுக்கு மட்டும் 1.75 கொடுங்க, டெபிட்டும் ரூபேயும் விதிப்படி இருக்கட்டும்"னு சொன்னா 3 லட்சம் கிரெடிட்டுக்கு 5,250, டெபிட்டுக்கு 1,350, மொத்த எம்டிஆர் 6,600தான் வரும். ஒரே ஆள், ஒரே 1.75, வித்தியாசம் கேட்ட கேள்வியில இருக்கு.

ஸ்டேட்மென்ட்டை எங்க பாக்குறது

இந்தக் கணக்கைப் போட உங்களுக்குத் தேவை பேங்க் பாஸ்புக் இல்ல, அதுல நிகரத் தொகை ஒரே வரியா வந்து விழுந்திருக்கும், எதுவும் தெரியாது. மெஷின் கொடுத்தவங்களோட ஆப்லயோ போர்ட்டல்லயோ செட்டில்மென்ட் ரிப்போர்ட்னு ஒண்ணு எக்செல்ல இறக்கிக்கலாம். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு வரி இருக்கும்: தேதி, தொகை, கார்டு வகை, நெட்வொர்க், எம்டிஆர், ஜிஎஸ்டி, நிகரம்.

அதுல கார்டு வகை காலத்துல (எக்செல்ல மேலேர்ந்து கீழ போற வரிசை) ஃபில்டர் போட்டு இந்த வரிசையில பாருங்க.

1. ரூபே டெபிட் மட்டும் தேர்ந்தெடுங்க. எம்டிஆர் காலத்துல பூஜ்யம் தவிர வேற எதுவும் இருக்கக் கூடாது.

2. விசா, மாஸ்டர் டெபிட். எம்டிஆரைத் தொகையால வகுத்தா 0.90% அல்லது 0.40%க்குள்ள வரணும். உங்க டர்ன்ஓவர் 20 லட்சத்துக்குக் கீழயும் 0.90 போட்டிருந்தா உங்களைத் தப்பான பிரிவுல வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். மெஷின் வாங்குன அன்னைக்கு ஃபார்ம்ல எவ்வளவோ ஒண்ணு எழுதி வாங்கியிருப்பாங்க, அதுக்கப்புறம் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டாங்க. ஆடிட்டர்கிட்ட டர்ன்ஓவருக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்து மாத்தச் சொல்லணும்.

3. கார்டு வகை காலமே இல்லாம எல்லாத்துக்கும் ஒரே ரேட் போட்டு ரிப்போர்ட் வருதா, அப்ப வகைவாரியா பிரிச்ச ரிப்போர்ட் வேணும்னு மெயில் போடுங்க. கொடுக்கத் தயங்குற கம்பெனியை நான் நம்ப மாட்டேன்.

தொழில் வகைக்கு ஒரு நாலு இலக்க கோடு உண்டு, எம்சிசின்னு சொல்வாங்க. பள்ளிக்கூடம், பெட்ரோல் பங்க், மின்கட்டணம் மாதிரி சில தொழிலுக்கு இன்டர்சேஞ்சே வேற மாதிரி இருக்கும், அதனால உங்க தொழிலுக்கான கோடுதான் போட்டிருக்காங்களான்னு ஒரு தடவை கேட்டு வெச்சுக்குங்க.

ஜிஎஸ்டியில விட்டுப் போற காசு

ஒரு பரிவர்த்தனை 2,000 ரூபாய்க்குள்ள இருந்தா அக்வயரிங் பேங்க் வாங்குற கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பணமதிப்பு நீக்கம் நடந்த கையோட 2016 டிசம்பர்ல சேவை வரிக்குக் கொடுத்த விலக்கு இது, ஜிஎஸ்டி வந்தப்பவும் தொடர்ந்துச்சு. பேங்குக்குச் சரி, பேமென்ட் அக்ரிகேட்டர்களுக்கும், அதாவது கடைகளுக்காகக் காசை வாங்கிக் கொடுக்குற கம்பெனிகளுக்கும், இது பொருந்துமாங்கிற சண்டை ரொம்ப நாள் ஓடி, 2024 டிசம்பர் 21ஆம் தேதி ஜெய்சல்மேர்ல நடந்த 55ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துல ரிசர்வ் பேங்க் கட்டுப்பாட்டுல இருக்குற அக்ரிகேட்டர்களுக்கும் பொருந்தும்னு தெளிவாக்கினாங்க. வெறும் கேட்வே சேவை, அதாவது காசைக் கையாளாம தொழில்நுட்பம் மட்டும் கொடுக்குறவங்களுக்கு இது பொருந்தாது. ஹோட்டல், பேக்கரி, மெடிக்கல் ஷாப் மாதிரி சின்னச் சின்ன பில் ஓடுற கடைக்கு இது நேரடி லாபம், 2,000க்குக் கீழ இருக்குற வரிகள்ல ஜிஎஸ்டி காலம் பூஜ்யமா இருக்கான்னு பாருங்க.

2,000க்கு மேல கட்டுற ஜிஎஸ்டியை ரெகுலர் முறையில பதிவு பண்ண வியாபாரி உள்ளீட்டு வரியா திரும்ப எடுத்துக்கலாம், காம்போசிஷன்ல, அதாவது விற்பனையில ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியா கட்டுற முறையில இருக்குறவங்களால முடியாது. ஆனா எடுக்கணும்னா மெஷின் கொடுத்தவங்க மாசா மாசம் போடுற டாக்ஸ் இன்வாய்ஸ்ல உங்க ஜிஎஸ்டி நம்பர் இருக்கணும், அப்பதான் அது உங்க 2பி-ல, அதாவது ஜிஎஸ்டி போர்ட்டல்ல வர்ற உள்ளீட்டு வரிப் பட்டியல்ல, வரும். நிறைய பேர் முதலாளி பான் கார்டை மட்டும் கொடுத்து மெஷின் வாங்கியிருப்பாங்க, ஜிஎஸ்டி நம்பர் ஏத்தியிருக்க மாட்டாங்க, அந்த வரி திரும்ப வராமலே போயிடும். மேல சொன்ன கடைக்கு எம்டிஆர், வாடகை ரெண்டுக்கும் சேர்த்து இது மாசம் 1,435.50 ரூபாய். ஒரு மெயில் போட்டா சரியாகிற விஷயம்.

வருமான வரியில, அனுமான முறையில வரி கட்டுற சின்ன வியாபாரிக்கு ரொக்க வசூலுக்கு 8%ம் டிஜிட்டல் வசூலுக்கு 6%ம் லாபம்னு எடுத்துக்குவாங்க. ஆக ஒரு லட்சத்துக்கு 2,000 ரூபாய் லாபம் குறைச்சுக் காட்டலாம், ஆனா இந்த முறையில போனா எம்டிஆரைத் தனிச் செலவா கழிக்க முடியாது.

குறைக்கிற வழிகள், எது முதல்ல

பேரம் பேசுறதுலேர்ந்துதான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க. நான் அதைக் கடைசில வெப்பேன், ஏன்னா 0.1% குறைக்க நாலு நாள் அலையுறதை விட வசூல் எந்த வழியா வருதுங்கிறதை மாத்துறது ரொம்பப் பெரிய பலன் தரும். 3 லட்சம் கிரெடிட் கார்டு வசூல்ல 0.1% குறைச்சா மிச்சம் 300 ரூபாய். அதே 3 லட்சத்துல 50,000 மட்டும் யூபிஐ பக்கம் போனா, 1.90%ல 950 ரூபாய் மிச்சம்.

1. பில் போடுற இடத்துல க்யூஆரைக் கண்ணுக்கு முன்னாடி வைங்க, மெஷினை கவுன்ட்டருக்கு உள்பக்கம் வைங்க. கஸ்டமர் பெரும்பாலும் முதல்ல கண்ணுல படுறதைத்தான் எடுப்பாரு. கேஷியர் "கார்டா கேஷா"ன்னு கேக்காம "ஜிபே பண்றீங்களா"ன்னு கேக்கட்டும்.

2. பெரிய பில்லுக்கு யூபிஐ வரம்பைத் தெரிஞ்சு வெச்சுக்குங்க. சாதாரணமா ஒரு நாளைக்கு 1 லட்சம். 2025 செப்டம்பர் 15லேர்ந்து நகைக்கடைக்கு ஒரு பரிவர்த்தனைக்கு 2 லட்சம், ஆஸ்பத்திரிக்கும் கல்விக் கட்டணத்துக்கும் 2023 டிசம்பர்ல ரிசர்வ் பேங்க் அறிவிச்சபடி 5 லட்சம். கஸ்டமரோட பேங்க் அதுக்குக் கீழ வரம்பு வெச்சிருக்கலாம், அப்ப டெபிட் கார்டு போடச் சொல்லுங்க, 1,000 ரூபாய் உச்சவரம்பு உங்களைக் காப்பாத்தும்.

3. மொத்த வியாபாரம்னா கம்பெனி கிரெடிட் கார்டை வாங்குறதை யோசிங்க. வாங்குறவர் பாயின்ட் சேக்குறதுக்காக 4 லட்சம் பில்லை கார்டுல கட்டுவாரு, உங்க மார்ஜினே 5 சதவீதம்னா அதுல பாதிக்கு மேல அங்கயே போயிடும். நெஃப்ட் 2019 டிசம்பர்லேர்ந்தும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர்லேர்ந்தும் ராத்திரி பகல் லீவு நாள்னு பாக்காம ஓடுது, "பேங்க் மூடியாச்சு"ன்னு சாக்கு சொல்ல வழியில்ல. பில்லுலயே அக்கவுண்ட் நம்பரை அச்சடிச்சுடுங்க.

4. இஎம்ஐ. "நோ காஸ்ட்"னு போர்டு வெச்சா வட்டி இல்லாமப் போயிடாது, வேற யாரோ கட்டுறாங்க. 30,000 ரூபாய் போனை 15% வட்டிக்கு 6 மாசம் போட்டா வட்டி மட்டும் சுமார் 1,300 ரூபாய் வரும். அதை பிராண்ட் கட்டுதா, கடை கட்டுதான்னு ஒவ்வொரு ஆஃபர்லயும் எழுத்துல இருக்கணும். பிராண்ட் கட்டாத இஎம்ஐயை மெஷின்ல ஆஃப் பண்ணச் சொல்லலாம்.

5. தப்பா போட்ட பில்லை அன்னைக்கே, செட்டில்மென்ட் போறதுக்கு முன்னாடி மெஷின்லயே வாய்டு, அதாவது ரத்து பண்ணுங்க. மறுநாள் ரீஃபண்ட் போட்டா கஸ்டமருக்கு முழுக் காசு திரும்பும், பல அக்ரிமென்ட்ல எம்டிஆர் உங்களுக்குத் திரும்பாது. துணிக்கடையில சேஞ்சுக்கு வர்றவங்களுக்கு ரீஃபண்டுக்குப் பதிலா மாத்து பில் போட்டா இந்த நஷ்டமே இல்ல.

6. சில்லறைக் கட்டணங்கள். வாடகை, மாசம் இவ்வளவு ஓட்டலேன்னா அபராதம், பேப்பர் ரோல், உடனடி செட்டில்மென்ட்டுக்குத் தனிக் காசு. இதுல குறைஞ்சபட்ச ஓட்டம்ங்கிற நிபந்தனைதான் மோசம், ஆடி மாசமும் தீபாவளி மாசமும் ஒரே மாதிரி ஓடுற கடை எதுவும் கிடையாது, அதனால மாசக் கணக்கை வருஷக் கணக்கா மாத்தச் சொல்லுங்க. ஓரமா கிடக்குற ரெண்டாவது மெஷினைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்குங்க.

7. இப்ப பேரம். ஆறு மாச செட்டில்மென்ட் ரிப்போர்ட், சராசரி பில் தொகை, சார்ஜ்பேக் (கஸ்டமர் தன் பேங்க் மூலமா காசைத் திரும்பக் கேக்குறது) தகராறு எவ்வளவு குறைவுங்கிற விவரம், இதோட வேற ரெண்டு இடத்துல வகைவாரியா எழுதி வாங்கின ரேட். கரன்ட் அக்கவுண்ட் எந்த பேங்க்ல இருக்கோ அங்க கேட்டா வேலை சுலபம், உங்க பேலன்ஸ்லயும் அவங்களுக்கு லாபம் இருக்கு. பேச்சுல ஒத்துக்கிட்டதை நம்பாதீங்க, மெயில்ல வந்தப்புறம் அடுத்த வார ரிப்போர்ட்ல ரேட் மாறியிருக்கான்னு பாருங்க.

கஸ்டமர் தலையில கட்டலாமா

டெபிட் கார்டுக்குக் கூடாது. 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் பேங்க் இது நியாயமில்ல, பேங்குக்கும் கடைக்கும் இருக்குற ஒப்பந்தப்படியே அனுமதி இல்லன்னு சொல்லிடுச்சு, 2017 சர்குலர்லயும் கடைக்காரங்க எம்டிஆரை கஸ்டமர் மேல ஏத்தாம பாத்துக்கணும்னு பேங்குகளுக்கு உத்தரவு இருக்கு. யூபிஐக்கும் ரூபே டெபிட்டுக்கும் கட்டணமே இல்லாதப்ப அதுக்கு ரெண்டு பர்சென்ட் கேக்குறது செலவைத் தள்ளி விடுறது இல்ல, இல்லாத செலவுக்குக் காசு வாங்குறது. கிரெடிட் கார்டு விஷயத்துல நீங்க கையெழுத்துப் போட்ட அக்ரிமென்ட்ல கூடுதல் வசூல் கூடாதுன்னு பொதுவா ஒரு வரி இருக்கும், கஸ்டமர் புகார் கொடுத்தா மெஷினையே எடுத்துட்டுப் போகலாம்.

மறுபக்கமா செய்றதுல தப்பு இல்ல. எல்லாருக்கும் ஒரே விலை போட்டுட்டு, ரொக்கமோ யூபிஐயோ கொடுத்தா இவ்வளவு தள்ளுபடின்னு போர்டு வைக்கலாம். கல்லாவுக்கு வர்ற காசு கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா கவுன்ட்டர்ல தினம் நடக்குற சண்டை இருக்காது.

கேட்டும் திருப்பித் தரலேன்னா

ரூபே டெபிட்டுக்குக் கழிச்சிருந்தாலோ, டெபிட் வரம்பைத் தாண்டி எடுத்திருந்தாலோ, முதல்ல மெஷின் கொடுத்த பேங்குக்கு அல்லது கம்பெனிக்கு எழுத்துல புகார் கொடுங்க. எக்செல்ல அந்த வரிகளை மட்டும் தனி ஷீட்டா எடுத்து, எடுத்த தொகை, எடுத்திருக்க வேண்டிய தொகை, வித்தியாசம்னு மூணு காலம் போட்டு இணைச்சா அவங்க மழுப்ப இடமிருக்காது. புகார் நம்பரையும் தேதியையும் குறிச்சு வெச்சுக்குங்க. 30 நாள் ஆகியும் பதில் இல்லேன்னாலோ, வந்த பதில் சரியில்லேன்னாலோ, ரிசர்வ் பேங்கோட சிஎம்எஸ்ங்கிற புகார் போர்ட்டல்ல ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) ஆன்லைன்லயே புகார் பதியலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேக்க 14448ங்கிற இலவச நம்பர்ல தமிழ்லயும் பேசலாம். முதல் புகார் கொடுத்ததுக்கான மெயிலைக் கண்டிப்பா இணைக்கணும், அது இல்லாம நேரா அங்க போனா புகாரை எடுத்துக்க மாட்டாங்க.